சகலை இறுக்கிய பட்டி

சென்ற வருடம் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நடந்தது. கலேவெலையைத் தாண்டி, தம்புள்ளைப் பாதையிலிருந்து உள்ளே திரும்பி, வயல்களுக்கு நடுவே சில மைல் போனால் ஒரு குளம் வரும். குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதன் மேல் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் மாத்தளையிலிருந்து வேனில் கொண்டுபோகப்பட்டது. கொண்டுபோனவன் நான்.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட எட்டு வயது இளையவர். எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். நான் மாத்தளையில் ஒரு பாடசாலையில் நூலகப் பொறுப்பாளன். அவர் கை பட்டால் நின்றுபோன இயந்திரம் சுற்றும். என் கை பட்டால் புத்தகத்தின் அட்டை கழன்று வரும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று சரியாகிவிடும். எனக்குப் பிடிக்காதது அதுதான். ஆறு மாதமாக ஒழுகிய குழாயைப் பத்து நிமிடத்தில் வாய் மூட வைத்தார். அந்த ஆறு மாதமும் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தவன் நான். ஒருமுறை சாப்பிட்டு முடித்து, அச்சாறு போத்தலை மூடிவைத்துவிட்டுப் போனார். அதைத் திறக்க நான் மூன்று நாள் போராடினேன். துணியைச் சுற்றிப் பார்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், கதவிடுக்கில் வைத்துத் திருகிப் பார்த்தேன். கதவுதான் அசைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் திறந்தார். என் மனைவி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பாவம், விடுங்க" என்றாள்.

பொறாமையைப் பற்றி நான் நிறையவே படித்திருக்கிறேன். இதிகாசங்களில் அது நாட்டுக்காக வரும், கிரீடத்துக்காக வரும். எனக்கு ஒரு போத்தல் மூடிக்காக வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது பிள்ளைகள் விஷயத்தில். எனக்கு எட்டு வயதில் ஒரு மகள், நாலு வயதில் ஒரு மகன். நான் வேலை முடிந்து வந்தால் அவர்கள் என் கையைப் பார்ப்பார்கள், ஏதாவது கொண்டுவந்தேனா என்று. சகலை வந்தால் அவருடைய கையையே பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் மகள் என்னிடம், "அப்பா, ஒங்களுக்கு விசில் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். ஒலி எப்படி உண்டாகிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன். நான் விளக்கி முடிக்கும்போது அவள் முற்றத்தில் சித்தப்பாவோடு நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தாள்.

குளத்துக்குப் போகலாம் என்பதும் அவருடைய யோசனைதான். வேனும் அவருடையது. அங்கே தோணி வைத்திருப்பவரும் அவருக்குத் தெரிந்தவர். எனக்கென்று மிச்சமிருந்தது வழி சொல்லும் வேலை. அதையும் விடக்கூடாது என்று, தொலைபேசியைப் பார்த்து ஒரு குறுக்குவழி சொன்னேன். அது ஒரு மாட்டுத் தொழுவத்தில் போய் முடிந்தது. சகலை வேனைப் பின்னால் எடுத்தார். காற்று எழும்புவதற்கு முன், எட்டு மணிக்குப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் பத்து மணிக்குப் போனோம்.

தோணிக்காரர் கலேவெலைப் பக்கத்து முஸ்லிம். ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையில் வலை எடுப்பார். வெயில் ஏறியதும் எங்களைப் போன்ற குடும்பங்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவார். அண்ணன் என்ற முறையில் நாங்கள் எல்லாரும் 'நானா' என்றே கூப்பிட்டோம். அவரிடம் ஒடுக்கமான இரண்டு தோணிகள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே இரண்டு கமுகங்கழி போட்டு, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். மேலே பலகை, பலகையின் மேல் கால் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள். பார்க்க அழகில்லை. ஆனால் ஆட்டமும் இல்லை.

மருத மரத்தடியில் பாய் விரித்து, மனைவியின் தங்கை தன் கைக்குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். சகலை என் பிள்ளைகள் முன்னால் முழங்காலிட்டு, அவர்களுக்கு ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிகளை மாட்டினார். நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு பட்டிகள். இழுத்து இறுக்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, மறுபடி இறுக்கினார். "வலிக்குது சித்தப்பா" என்றான் மகன். "கொஞ்ச நேரந்தான்டா ராசா. ரெண்டு விரல் உள்ள போச்சுன்னா அது ஜெக்கட்டே இல்ல" என்றார். பிறகு பிள்ளைகள் இருவரும் ஓடிப்போய், பலகையில் அவருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கும் மனைவிக்கும் பின்வரிசை. குடும்பப் புகைப்படத்தில் ஓரமாக நிற்கும் விருந்தாளி போல நான் கரையில் நின்றேன்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"இதக் கழட்டிட்டா என்ன நானா? தனித்தனியாப் போனா தாமரைக்குள்ள நல்லாப் போகலாமே?"

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவுக்கேலாது மாஸ்டர். கட்டி ஈக்கிற வரைக்கும் இது ஊடு மாதிரி, அசையாது. அவுத்தா வெறும் மரத்துண்டு. புள்ளைகளும் ஈக்குது தானே."

நான் விடவில்லை. பாரம், மிதப்பு, இழுவை என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். இரண்டாகப் பிரித்தால் பாரமும் பிரியும், ஆபத்து குறையும் என்று நிறுவினேன். மிதப்பைப் பற்றி எனக்குத் தெரியாத விதி இல்லை. நீச்சல் மட்டும்தான் தெரியாது. உண்மையில் நான் கேட்டது தோணியைப் பிரிக்கச் சொல்லி அல்ல. ஒரு தோணியில் அவர், மற்றத் தோணியில் நானும் என் பிள்ளைகளும். அவ்வளவுதான் என் இயற்பியல்.

சகலையாவது எதிர்த்திருக்கலாம். அவர் சொன்னது இது: "அண்ணே ஆசப்படுறாரு நானா, அவுத்துருங்க. நீங்க அவங்ககூட ஏறுங்க. நான் மத்ததுல பக்கத்துலயே வாறேன்." என் மடமைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு செய்து தருகிற மனிதரை நீங்கள் மன்னிப்பீர்களா? என்னால் முடியவில்லை.

"அப்படின்னா நான் வரல" என்று மனைவி இறங்கிவிட்டாள். பதின்மூன்று வருடம் என்னோடு வாழ்ந்தவள். "புள்ளைங்களத் தம்பியோட ஏத்துங்க" என்றாள். சகலையை அவள் தம்பி என்றுதான் சொல்வாள்.

"நான் அவங்க அப்பன்" என்றேன்.

"அது தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அதற்குப் பிறகு நான் எப்படி விட்டுக்கொடுப்பது?

நானா அரை மனதோடு கட்டை அவிழ்த்து, பலகையையும் கழிகளையும் கரையில் வைத்துவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தன் தோணிக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் அவர், அவருக்கு முன்னே மகள், அடுத்து மகன், முன் முனையில் அவர்களைப் பார்த்தபடி நான். கரையை விட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. நான் தும்மினால்கூட, கவிழலாமா என்று தோணி யோசித்தது. சகலை பத்து முழத் தூரத்தில் தனியாகத் துடுப்புப் போட்டு வந்தார். மகள் அவரைப் பார்த்துக் கையாட்டினாள். மகன் நெளிந்தான்.

"அப்பா, இறுக்குது."

இந்த அனுபவத்தை நான் எழுத நினைத்ததே அடுத்த நிமிடத்தைச் சொல்வதற்காகத்தான். "சித்தப்பா ரொம்ப இறுக்கிட்டாராடா? அப்பா லூஸ் பண்ணிவிடுறேன்" என்று குனிந்து, அந்த இரண்டு பட்டிகளையும் தளர்த்தினேன். இரண்டு விரல் அல்ல, கையே உள்ளே போகும் அளவுக்கு. மகன் பெருமூச்சு விட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். வேறு யாரையும் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அன்று காலையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. பின்னால் இருந்த நானாவின் கண் காற்றிலும் தண்ணீரிலும் இருந்தது, அவர் கவனிக்கவில்லை. மகளிடமும், "ஒனக்கும் லூஸ் பண்ணவா?" என்று கேட்டேன்.

"வேணாம். சித்தப்பா போட்டது சரியாத்தான் இருக்கு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளைக் காப்பாற்றிய வார்த்தை அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தாமரை படர்ந்த இடத்துக்குப் போகும்போது காற்று எழும்பிவிட்டது. இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக மடிந்து வெள்ளையைக் காட்டின. "ஒரு சுத்து, திரும்பிருவோம் மாஸ்டர்" என்றார் நானா. அதற்குள் சகலை தோணியை நெருக்கி வந்து, ஒரு பூவைப் பறித்து, துடுப்பின் நுனியில் வைத்து மகளிடம் நீட்டினார். அவள் போட்ட சத்தத்துக்கு ஒரு கொக்கே எழும்பிப் பறந்தது. "எவ்வளோ பெருசு சித்தப்பா!"

எனக்கு வலப்புறம், ஒரு கை தூரத்துக்குச் சற்று அப்பால், அதைவிடப் பெரிய பூ ஒன்று நின்றது. தாமரைத் தண்டை எட்டிப் பிடித்து இழுக்கக்கூடாது என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. அது ரப்பர் போல இழுபடும், நம்மையும் சேர்த்து இழுக்கும். இழுத்தேன். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தேன்.

"எழும்ப வாணாம் மாஸ்டர்! இரிங்க! இரிங்க!"

தண்டு அறுந்ததும் தோணி கவிழ்ந்ததும் ஒன்றாகவே நடந்தன.

நான் கத்தினேன், குடித்தேன், கையைக் காலை அடித்தேன், மறுபடி குடித்தேன். எங்கிருந்தோ நானாவின் குரல் கேட்டது: "காலக் கீழ வைங்க மாஸ்டர்! காலக் கீழ வைங்க!" வைத்தேன். சேறு தட்டியது. தண்ணீர் என் கழுத்துவரைதான். மூழ்கிக்கொண்டிருப்பதாக நினைத்தவன் நின்றுகொண்டிருந்தேன்.

மூக்குக்கண்ணாடி போய்விட்டது. மங்கலாக இரண்டு ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ஒன்றில் மகளின் தலை இருந்தது. நானா ஒரு கையால் அந்த அங்கியின் கழுத்தைப் பிடித்திருந்தார். மற்றது எனக்குக் கிட்டத்தில், பட்டி விரிந்து, காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரும் இல்லை.

என் கழுத்தளவு தண்ணீர் நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அவன் இருந்த பக்கம் போகப் பார்த்தேன். சேற்றுக்குள் கால் புதைந்து, தண்டுகள் சுற்றிக்கொண்டு, ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டேன். இலைகளுக்கு மேலே அவன் பெயர் மட்டும் போனது.

சகலை குதித்தது எனக்குத் தெரியாது. ஒருமுறை மேலே வந்தார், கையில் இலைகள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி போனார். அந்த இரண்டாவது முறை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நானாவைக் கேட்டால் கொஞ்ச நேரந்தான் என்கிறார். நான் இன்னும் அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று சில நாட்களில் தோன்றும். பிறகு தாமரை இலை ஒன்று மேலெழுந்தது. இலைக்குக் கீழே மகனின் தலை, தலைக்குக் கீழே அவருடைய கை.

தோளில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார். தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, கடைசியில் அழுகை வந்தது. வீட்டில் அவன் அழுதால் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறவன் நான். அன்றைக்கு, "அழுடா, இன்னும் அழுடா" என்று கத்தினேன்.

"வாடா அப்பாகிட்ட" என்று கையை நீட்டினேன். வரவில்லை. சகலையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முகத்தை அங்கேயே புதைத்துக்கொண்டான். சொன்னால் நம்பமாட்டீர்கள், பிள்ளை பிழைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் நெஞ்சுக்குள் அந்தப் பழைய புழு தலையைத் தூக்கி, 'பார்த்தாயா?' என்றது.

திரும்பும்போது நானா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கவிழ்ந்த தோணியை நிமிர்த்தித் தண்ணீரை இறைத்தார். கயிறு இலைகளில் சிக்கிக் கிடந்தது. இரண்டு தோணிகளையும் ஒட்டவைத்து, ஒரு துடுப்பைக் குறுக்கே போட்டுக் கட்டினார். கமுகங்கழிகள் கரையில் இருந்தன, கட்டு போதவில்லை. "நீங்க ரெண்டு பேரும் எதிர எதிர இரிங்க. ஒரு கால் இந்தத் தோணில, மத்தக் கால் அந்தத் தோணில. விலகாமப் புடிச்சிக்கோங்க" என்று என்னிடமும் சகலையிடமும் சொன்னார்.

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அன்று நாங்கள் கரை சேர்ந்தது அப்படித்தான். மகள் என் மடியில், மகன் அவர் மடியில். காற்று வீசும்போதெல்லாம் தோணிகள் விலகப் பார்க்கும்; இருவரும் காலை நெருக்குவோம். முழங்காலோடு முழங்கால் முட்டும்.

பாதி வழியில் சகலை மெல்லச் சொன்னார்: "அண்ணே, சின்னவனுக்குப் பெல்ட் நான் சரியா இறுக்கல போல. அண்ணிகிட்ட நானே சொல்லிர்றேன்."

நான் குனிந்து, காலை இன்னும் நெருக்கினேன்.

கரையில் மனைவி இடுப்பளவு தண்ணீருக்கே வந்து நின்றாள். மகனை வாங்கிக்கொண்டாள். அவனைத் துடைத்து, தன் சேலைத் தலைப்பால் சுற்றி, பாயில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். "ஜெக்கட் எப்படிக் கழண்டுச்சு?"

"என் பிழை அண்ணி. பெல்ட்ட சரியாப் பாக்கல" என்றார் சகலை.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அவர் ஒரு தவறு செய்யமாட்டாரா, அதை அவள் ஒருமுறை பார்க்கமாட்டாளா என்று ஏங்கியவன் நான். அந்தப் பார்வை இதோ வந்துவிட்டது. பிளாஸ்கிலிருந்து எனக்குப் பால் விடாத பிளேன்டி ஒன்று ஊற்றித் தந்தார்கள். அதைக் குடித்து முடிக்கும் வரை நான் சும்மா இருந்தேன். அது என் வாழ்க்கையில் நான் குடித்த மிக நீளமான தேநீர். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒரே இடத்தையே பிழிந்தார். அங்கே தண்ணீர் எப்போதோ முடிந்துவிட்டது.

"அவர் இறுக்கமாத்தான் போட்டாரு" என்றேன். "நான்தான் அவுத்து விட்டேன். புள்ள என்னப் பாத்துச் சிரிக்கணும்னு."

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகனின் தலையைத் துவட்டிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "தம்பி இறுக்கின எதுவும் தானாக் கழண்டதில்ல. யாருக்காக அவரு பொய் சொல்றாருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சகலை எழுந்து என் பக்கம் வந்தார். ஏதாவது கேட்பார், கேட்கட்டும் என்று காத்திருந்தேன். காற்சட்டைப் பையிலிருந்து என் மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். "மொதத் தடவ முங்கினப்போ கையில ஆப்பிட்டுச்சு அண்ணே. குடுக்க மறந்துட்டேன்." சேற்றைத் துடைத்திருந்தார். தளர்ந்திருந்த திருகாணியைக்கூட நகத்தால் முறுக்கிவிட்டிருந்தார் என்பதை வீட்டுக்குப் போய் மாட்டியபோதுதான் கண்டேன்.

வரும் வழியில் ஆஸ்பத்திரியில் காட்டினோம். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டொக்டர். வேனில் என் மனைவி என்னோடு பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. மகன் இப்போது நன்றாக இருக்கிறான். தாமரைப் பூவைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாத்தளையில் நீச்சல் பழக்குகிற இடத்துக்கு இருவரையும் சனிக்கிழமைகளில் கூட்டிப்போகிறேன். நானும் பழகுகிறேன், ஏழு வயதுப் பிள்ளைகளின் வரிசையில். அவர்கள் என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டுவிட்டு முந்திப் போகிறார்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அன்று சகலை ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்கூட என்னுடைய உண்மையைவிட அழகாக இருந்தது. அதை எண்ணி இன்றைக்கும் வயிறெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருகிறார், ஏதாவது ஒன்றைச் சரிசெய்கிறார், அச்சாறு போத்தலை மூடிவைத்துவிட்டுப் போகிறார். அடுத்த ஞாயிறு வரை அது அப்படியே இருக்கிறது. அவர் இறுக்கிய எதையும் இப்போது நான் அவிழ்ப்பதில்லை.